பன்றிக்குப் போட்ட பால்ரஸ்

ரேணுகாவுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் ஆலங்காயம் போகிற ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்குச் சாப்பாட்டுக்கு ஒன்றும் குறையில்லை. மூன்று வேளையும் ரசம்தான்.

நீ அம்மா வீட்டுக்குப் போன மறுநாளே காட்டுப்பன்றி நம் சாமைக் கொல்லையில் இறங்கிவிட்டது. நாட்டுத் துப்பாக்கியில் பெரிய ஈயக்குண்டாகப் போடச் சொல்லியிருந்தார் உன் அப்பா. நான் சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் குட்டி இரும்புக் குண்டு, பால்ரஸ், போட்டேன். சின்னக் குண்டு வேகமாகப் போகும், காதுக்குப் பின்னால் பட்டால் பன்றி அங்கேயே விழும் என்பது என் கணக்கு.

தோளில் பட்டது. சேறு காய்ந்த உடம்பைப் பன்றி ஒரு உதறு உதறியது. பால்ரஸ் கீழே உதிர்ந்தது. பிறகு அது என்னைப் பார்த்தது.

புளியமரத்தில் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. லுங்கி ஏறவில்லை.

பக்கத்துக் கொல்லை பெரியம்மாள் அக்காதான் தட்டைத் தட்டிக்கொண்டு வந்து பன்றியை விரட்டினாள். அண்ணாந்து பார்த்து, "இன்னாப்பா, பன்னிக்குக் கடுகு தாளிச்சியா?" என்றாள்.

"மொதல்ல அந்த லுங்கியத் தூக்கிப் போடுக்கா" என்றேன்.

நேற்று துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். பயந்துபோய்க் கொடுத்ததாக யாராவது சொன்னால் நம்பாதே.

அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கும்வரை திரும்ப மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னாயாமே. துப்பாக்கி போய்விட்டது. பன்றி தினமும் தவறாமல் வருகிறது. நீயும் வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்