குறையே இல்லாத காலண்டர்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் கம்பெனி விற்கிற ஏழு சாஃப்ட்வேரையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சம்பளக் கணக்கில் 'சேமி' பட்டன் பச்சை, வலது பக்கம். கிடங்குக் கணக்கில் நீலம், இடது பக்கம். ஆஸ்பத்திரி பில்லில் அதைத் தேடிக் கொடுக்கவே ஒரு ஆள் வேண்டும். இனி எல்லாவற்றுக்கும் ஒரே பட்டன், ஒரே எழுத்து, ஒரே நிறம். தேதி தேர்ந்தெடுக்கிற காலண்டர் மட்டும் ஐந்து பேர் ஐந்து விதமாகச் செய்து வைத்திருக்கிறார்கள், ஒன்றுதான் மிஞ்சும். எண்களைக் கட்டம் கட்டமாகக் காட்டுகிற அட்டவணை என் தலையில்.

ஐந்தில் ஒன்று பக்கத்து நாற்காலி மில்லி அக்காவுடையது. மில்லிமீட்டர் என்று கிண்டலாக ஆரம்பித்து மில்லியாகிவிட்டார். ஒரு கோடு மயிரிழை தள்ளியிருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மார்ச் 20, வியாழன்

யாருடைய வடிவம் தேறவில்லையோ அவருக்கு இங்கே இடமில்லையாம். ஆபீஸ் முழுக்க இதே பேச்சு. படி இறங்கும்போது அக்கா, "பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கிடி. அதுவரைக்கும் ஓட்டிட்டா போதும்" என்றார். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

ஏப்ரல் 9, புதன்

நீ எதிலும் மூக்கை நுழைக்காதே என்று வீட்டில் இவர் காலையில்தான் சொல்லி அனுப்பினார். கேட்டால்தானே! மீட்டிங்கில் மேனேஜருக்கு வேறொரு காலண்டர் மேல் கண். பளபளவென்று இருந்தது. மவுஸைத் தொடாமல் கீபோர்டை மட்டும் வைத்து அதில் ஒரு தேதியை எடுங்கள் பார்ப்போம் என்றேன். பாதி வழியில் மாட்டிக்கொண்டு நின்றது. அக்காவுடையது வழுக்கிக்கொண்டு போனது.

அக்காவுடையதே என்று முடிவாயிற்று. மேஜைக்கு அடியில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம்.

மே 2, வெள்ளி

அக்கா காலண்டரை முடித்துவிட்டார். லீப் வருஷம் வரை தட்டிப் பார்த்துவிட்டார். எடுத்த வேலையை முடிக்காமல் எழுந்திருக்கிற ஆளில்லை. என் அட்டவணையோ பக்கவாட்டில் நகர்த்தினால் தலைப்பு ஒரு பக்கம், எண்கள் ஒரு பக்கம். "இது உன்னை மாதிரியே சொன்ன பேச்சு கேக்காது" என்று சிரித்தார்.

மே 30, வெள்ளி

அக்காவை அனுப்பிட்டாங்க.

தேறாதவங்க நாலு பேரும் முன்னாடியே போயாச்சு. தேறினவங்களுக்கும் இந்தக் கதியா? நேரா மேனேஜர்கிட்ட போய்க் கேட்டேன். "காலண்டர்தான் முடிஞ்சிடுச்சே, இனிமே அதுல பாக்க என்ன இருக்கு?"ன்னார். என் அட்டவணையில வேலை இன்னும் கிடக்காம். அதனால நான் இருக்கலாமாம்.

நல்லா செஞ்சதுக்கா இது? நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா— ஐயோ, அப்பவும் போயிருப்பாங்க. அப்போ நான் எதைத்தான் காப்பாத்தினேன்?

ஜூன் 3, செவ்வாய்

பக்கத்து நாற்காலியை மீட்டிங் அறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்குத்தான் அக்கா போனை எடுத்தார். "எனக்காக அவ்ளோ சண்டை போட்டே. உன்னைத் திட்டவும் முடியல, உன்கிட்ட பேசவும் முடியல. அதான் எடுக்கல" என்றார்.

பொண்ணு படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடையில் பில் போடப் போகிறாளாம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்கிறார். குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதேன். இவர் கதவைத் தட்டினார்.

செப்டம்பர் 3, புதன்

ஏழும் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். மேனேஜருக்குப் பாராட்டு. காலண்டரைப் பற்றி இன்றுவரை ஒரு புகார்கூட வரவில்லை.

அட்டவணையின் கடைசிக் குறையைப் போன வாரமே சரிசெய்துவிட்டேன். எப்படி நகர்த்தினாலும் தலைப்பு எண்களோடு சேர்ந்தே போகிறது. அக்கா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். யாரிடமும் காட்டவில்லை.

மத்தியானம் மேனேஜர் வந்து, முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்" என்றேன்.