இருக்கிறதைத்தானே எழுதினேன்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சிரித்த முகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் கைப்பிடியோடு சண்டை போடுகிறார். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், வாளி வைத்துப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறேன், செடி மட்டும் செழித்துக் கிடக்கிறது. உன் இருமல் விட்டதா, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, ஆய்வுக்கூடத்தில் வேலை மும்முரம் என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

போன வாரம் போனில் விழா அழைப்பிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் தீயவில்லை, என் வயிறுதான் எரிந்துகொண்டிருந்தது. போனில் சொன்னால் நீ விடும்மா, விடும்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

உன் அத்தைக்கு எழுபதாவது பிறந்தநாளும் எங்களுக்கு நாற்பதாவது கல்யாண நாளும் ஒரே வாரத்தில் வருகிறது. எல்லா வருஷமும் அப்படி வருவதுதான், எல்லா வருஷமும் அவருடைய பிறந்தநாள் எங்கள் கல்யாண நாளை விழுங்கி ஏப்பம் விடுவதும் நடப்பதுதான். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு வாங்கிய கேக்கை யார் வெட்டினார் என்று உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை, தட்டை ஏந்திக்கொண்டு நின்றாய், அவர் கத்தியைக் கையில் எடுத்து, ரெண்டும் ஒண்ணுதானே என்று சொல்லித் தன் பெயருக்கு வெட்டிவிட்டார். இந்தத் தடவையும் ஒரே மண்டபம், ஒரே மேடை, ஒரே அழைப்பிதழ் என்று அவரே தீர்மானம் பண்ணிவிட்டுப் பிறகு நமக்குச் சேதி சொன்னார். தலைமை ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிறது, இன்னும் எங்களை மூன்றாம் வகுப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். உன் அப்பா வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பெற்ற தாய் போன பிறகு தவழ்கிற பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்து ஊட்டி வளர்த்தவர் அந்த அக்காதான், அந்த நன்றி அவருடைய நாக்கைக் கட்டிப் போட்டிருக்கிறது. அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு என் நாக்கும் சேர்ந்து இத்தனை வருஷம் கட்டுண்டு கிடந்தது.

அழைப்பிதழுக்கு வாசகம் எழுதித் தன் மகனிடம் கொடுத்து அச்சுக்கு அனுப்பினார் உன் அத்தை. நம் பல் டாக்டரைத்தான் உனக்குத் தெரியுமே, பிறர் வாய்க்குள் பார்ப்பதோடு சரி, கையில் இருக்கும் காகிதத்தைப் பார்க்க மாட்டான். ஊரில் இத்தனை அச்சகம் இருக்க, நான் பிழை திருத்துகிற அச்சகத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பக்கம் அமைக்கிற பெண் கணினியில் அடித்து, பிழை பார்க்க ஒரு படி எடுத்து, மற்ற காகிதங்களோடு சேர்த்து என் மேசையில் வைத்தாள். டீயைக் குடித்துக்கொண்டே சிவப்புப் பேனாவோடு படித்துக்கொண்டு வருகிறேன். அழைப்பவர்கள் என்று போட்டு, மகன், மருமகள், பேரன், மருமகளுடைய அண்ணன், அந்த அண்ணனின் கூட்டாளி வரைக்கும் வரிசையாக இருக்கிறது. எல்லாருக்கும் கீழே, தம்பி, தம்பி மனைவி மற்றும் அவர்களது வளர்ப்பு மகள் என்று இருக்கிறது. அந்த வார்த்தையில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை பாப்பா. ஆனாலும் என் பேனா அதைத் தாண்டிப் போகவில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

நீ பேசக் கற்றுக்கொண்ட காலத்திலேயே உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் வளர்த்தோம், நீயும் அதை ஒரு பாரமாக நினைத்ததில்லை. அது நமக்குள் இருக்கிற விஷயம், அழைப்பிதழில் போட்டு வீடு வீடாகக் கொடுக்கிற விஷயமா. அங்கேயே அச்சகத்து வாசலில் நின்று உன் அத்தைக்குப் போன் போட்டேன். அண்ணி, அந்த ஒரு வார்த்தையை எடுத்துடலாமே என்று தணிந்துதான் கேட்டேன். அவர் கொஞ்சமும் தடுமாறாமல், இருக்கிறதைத்தானேம்மா எழுதினேன், பொய்யா எழுதச் சொல்றே என்றார். அதோடு விட்டாரா, அதுல என்ன கேவலம் இருக்கு, நீங்க செஞ்சது எவ்வளவு பெரிய புண்ணியம், நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் என்ன என்றார். நீ என்னவோ நாங்கள் செய்த புண்ணியமாம். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. பல் டாக்டர் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது உன் தோளில் கை வைத்து, நீ அப்புறம் நில்லும்மா என்று ஒதுக்கி நிறுத்தினாரே, அன்றைக்கும் இதே குரல்தான், தேன் ஒழுகுகிற குரல். அதற்குப் பிறகு நீ எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லை. எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கும் லீவு கிடைக்காது என்று நீ சொன்னபோது அது லீவு விஷயம் இல்லை என்று தெரிந்தும் தெரியாதவள்போல இருந்தேன். வந்தால் உன்னை மறுபடியும் ஒதுக்குவார்கள், வராவிட்டால் ஒதுங்கினது நீ என்று ஆகிவிடும், இரண்டில் எது நடந்தாலும் ஜெயிப்பது அவர்தான். அதை நினைக்க நினைக்கத்தான் எனக்கு வெறி பிடித்தது, மறைக்காமல் சொல்கிறேன், வெறிதான்.

இருக்கிறதைத்தான் எழுத வேண்டும் என்றால் எழுதிவிடுவோம் என்று, பக்கம் அமைக்கிற பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதே அட்டையில் அதே எழுத்தில் அழைப்பிதழைப் புதிதாகப் போட்டேன். பள்ளிச் சான்றிதழில் எழுபதும் உண்மையில் எழுபத்தி இரண்டும் நிறைவடையும் எங்கள் தலைமை ஆசிரியை என்று ஆரம்பித்தேன். ஒரே வீட்டில் இருந்தும் செய்தித்தாள் வழியாக மட்டுமே பேசிக்கொள்ளும் கணவர். மூன்றாவது முயற்சியில் தேறிய பல் மருத்துவ மகன். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்ளப்பட்ட மருமகள். அப்பா பல் மருத்துவராக இருந்தும் முன்பல் கட்டிக்கொண்டிருக்கும் பேரன். எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன், நாற்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்த தம்பி மனைவி என்று. அந்தப் பெண் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பசித்தவளுக்குச் சோறு கிடைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு உன் அத்தை வீட்டுக்குப் போனேன், எதற்கு என்று அப்பாவிடம் சொல்லவில்லை. அதே கூடம், கண்ணாடி அலமாரி நிறையக் கேடயங்கள், வாங்கின நாளிலிருந்து பாலித்தீன் உறை பிரிக்காத சோபா, உட்கார்ந்தால் முறுமுறுக்கும். அச்சுப் படி வந்திருக்கு அண்ணி, ஒரு தடவை பாத்துடுங்க என்று நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழக்கம் விடுமா, பேனாவையும் எடுத்துக்கொண்டார். நான் கோபத்தில் கவனிக்காமல் விட்ட பிழை ஒன்று முதல் வரியிலேயே இருந்திருக்கிறது. எழுபத்தி இரண்டு என்று இருந்ததை அடித்துவிட்டு, மேலே எழுபத்திரண்டு என்று திருத்தி எழுதினார். எழுதின பிறகுதான் என்ன எழுதினோம் என்று அவருக்கு உறைத்தது. மறைத்து வைத்திருந்த வயதைத் தன் கையாலேயே பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

மிச்சத்தையும் முழுக்கப் படித்தார். படித்து முடித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா, வயசை மட்டும் எடுத்துடு என்றார். பல் டாக்டர் பின்னால் நின்று தோளுக்கு மேல் படித்துக்கொண்டிருந்தான். அப்போ நான் மூணாவது தடவை பாஸ் பண்ணினது இருக்கட்டுமாம்மா என்று கேட்டான் பாவம். இருக்கிறதைத்தானே அண்ணி எழுதினேன் என்றேன் நான், அவருடைய தேன் குரலிலேயே. அவர் காகிதத்தை மடித்துக்கொண்டே, அது வேற இது வேற, ரத்த சம்பந்தத்தையும் வளத்ததையும் ஒண்ணாச் சேர்க்க முடியுமா என்றார்.

அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். சத்தம் போடவில்லை, சோபா கூட முறுமுறுக்கவில்லை. அக்கா, என்னையும் நீதானே வளத்தே, நீ என்னைப் பெக்கலையே, அதனால உன்கிட்ட எனக்கு எது குறைஞ்சுபோச்சு என்று கேட்டார். பிறகு, அம்மான்னு ஒருத்தி எனக்கு ஞாபகத்துலயே இல்ல, உன் முகம்தான் இருக்கு, அப்ப எனக்கு யாருமே இல்லையா என்று கேட்டுவிட்டு எழுந்து செருப்பைத் தேடினார். உன் அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பரிதாபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில், தெரு முனையில் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், இந்த வயதில் தெருவில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம், எதிர்வீட்டுத் தையல்காரர் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே போட்டார்.

மறுநாளே பல் டாக்டர் அச்சகத்துக்கு ஓடி வந்து, அம்மா அந்த வார்த்தையை எடுத்துட்டாங்க, மகள்னே இருக்கட்டுமாம் என்றான். மாட்டிக்கொண்டதால் எடுத்தது எனக்கு எதற்கு. அந்த வார்த்தையோடு எங்கள் பெயரையும் சேர்த்து எடுத்துவிடு என்று சொல்லிவிட்டேன். அதே கட்டடத்தில் மேல் மாடி மண்டபம் காலியாக இருந்தது, அதே நாள், அதே நேரத்துக்கு நான் எடுத்துக்கொண்டேன். கீழே அவருடைய எழுபது, மேலே எங்களுடைய நாற்பது. சொந்தக்காரர்கள் எல்லாம் கதிகலங்கிப் போய் ஆளுக்கு ஆள் எனக்குப் போன் பண்ணுகிறார்கள், முதலில் எங்கே போவது, எங்கே சாப்பிடுவது என்று. கால் போகிற பக்கம் போங்கள் என்கிறேன். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் உன் அத்தைக்கு லிஃப்ட் என்றால் பயம், வருவதானால் படியேறித்தான் வர வேண்டும். இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை.

இனிமேல் நான் சொல்லப் போவதற்கு என்னைத் திட்டாதே. எங்கள் அழைப்பிதழுக்கு வாசகம் எழுதினது உன் அப்பா. ராத்திரி பூரா எழுதிக் கிழித்துக் காலையில் என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். என் அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு உங்களை அன்போடு அழைக்கிறேன், வாருங்கள், அவ்வளவுதான் இருந்தது. கீழே அழைப்பவர் என்ற இடத்தில் மகள் என்று போட்டு உன் பெயரை மட்டும் எழுதியிருந்தார். அச்சக முதலாளி, ஒரு பெரியவர் பெயராவது சேர்த்தால் நன்றாக இருக்குமே என்றார், இதுக்கு மேல எங்க வீட்ல பெரியவங்க யாரும் இல்ல என்று உன் அப்பா சொல்லிவிட்டார். இத்தனை வருஷ வேலையில் நான் சிவப்புப் பேனாவே வைக்காமல் அச்சுக்கு அனுப்பினது இதுதான். அச்சாகி, உறையிலிட்டு, எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று. முதல் அழைப்பிதழை உன் அப்பாவே கொண்டுபோய் அவருடைய அக்கா கையில் கொடுத்தார். அவர் உன் பெயர் மேல் விரலை வைத்து, இவ வருவாளா என்று மட்டும் கேட்டாராம். கூப்பிட்டவளே வராமலா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் உன் அப்பா.

ஆகவே பாப்பா, உன்னைக் கேட்காமல் உன் பெயரில் ஊரையே கூப்பிட்டு வைத்திருக்கிறோம். விடும்மா என்று சொல்லாதே, விட முடியாது, கொடுத்தாயிற்று. லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு, டிக்கெட்டைப் பார்த்து வை, அந்தப் பச்சைப் புடவையை மறக்காமல் எடுத்து வா, இங்கே தைத்துக்கொள்ளலாம் என்று ரவிக்கையை மறந்துவிடாதே. நீ எதற்கும் குறைந்தவள் இல்லை, நீண்ட ஆயுளோடும் நிமிர்ந்த தலையோடும் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். அன்றைக்கு உன் அத்தை மூச்சு வாங்க வாங்கப் படியேறி மேலே வருவார், வராமல் இருக்க மாட்டார், எனக்கு அவரைத் தெரியும். வாசலில் அழைத்தவளாக நீதான் நின்றுகொண்டிருப்பாய். அவர் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று உன்னைத்தான் கேட்க வேண்டும், நீ கை காட்டும் வரைக்கும் அவர் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வழி பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா