பின்வாசலில் வந்த பல் கடிகாரம்

டிசம்பர் 17, புதன்

கோப்பை அலமாரி பாதி காலி. நாளை மறுநாளோடு பள்ளிக்கூடம் விடுமுறை; கேட்டுக்கு எதிரே இருக்கும் என் பேனா, பரிசுக் கடைக்கு இதுதான் அறுவடை. பிள்ளையை இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமலே கேட்கிறார்கள்: "டீச்சருக்குக் குடுக்க ஏதாவது இருக்கா? பார்க்கப் பெருசா இருக்கணும், விலை ரொம்ப வேணாம்." இதற்கென்றே பிறந்தது 'உலகின் தலைசிறந்த ஆசிரியை' என்று எழுதிய கோப்பை. பெட்டி பெரிது, உள்ளே காற்றுதான் அதிகம். ஒரு உலகத்துக்கு எத்தனை தலைசிறந்த ஆசிரியை என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் ரிப்பன் கட்டுகிறார். கை அவ்வளவு சுத்தம். கல்யாணமான புதிதில் இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழித்தேன். ரிப்பன் என்று ஒன்று இருப்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் பசை டீச்சர் வந்தார். மூன்றாம் வகுப்பு எடுப்பவர். வாரம் தவறாமல் பசை வாங்குவதால் எங்கள் வாயில் அவர் பசை டீச்சர். பசை, சார்ட் பேப்பர், கலர் பென்சில், எல்லாம் சொந்தச் சம்பளத்தில். பள்ளிக்கூடம் தருவது சாக்பீஸும் புத்திமதியும்தான்.

"மூக்கு துடைக்கிற பேப்பர்கூட நான்தான்க்கா வாங்குறேன்."

"இவ்வளவு பசையா? பிள்ளைங்க தின்னுதுங்களா என்ன?"

"ரெண்டு பேர் தின்னுதுங்க. ஒருத்தன் பல் டாக்டர் பையன்."

டிசம்பர் 19, வெள்ளி

அலமாரி துடைத்துவைத்த மாதிரி காலி. கால் வீங்கியது. கல்லாவும்.

ஜனவரி 5, திங்கள்

பள்ளி திறந்தது. என் பின்வாசலும் திறந்தது.

டீச்சர்மார் வேண்டாத பரிசுகளைப் பையில் போட்டுக்கொண்டு சந்து வழியாக வருவார்கள். பாதி விலை போட்டு எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக வகுப்புக்கு வேண்டிய சாமான் கொடுப்பேன். வீட்டுக்காரர் துடைத்து, புதுப் பெட்டி, புது ரிப்பன் போடுவார். டிசம்பரில் மறுபடி அலமாரி ஏறும். சில கோப்பைகளை எனக்கு முகம் பார்த்தாலே தெரியும். புகுந்த வீடு பிடிக்காத பெண் மாதிரி வருஷா வருஷம் திரும்பி வந்து நிற்கும். இதில் யாருக்கு நஷ்டம்? கொடுத்தவருக்குப் பெயர், டீச்சருக்குப் பசை, எனக்கு ஒரே சரக்கில் இரண்டு லாபம். தலைமையாசிரியர் மட்டும் நேரில் வர மாட்டார். அவருடைய பேனா ஸ்டாண்டுகள் ஆள் மூலம் வரும்.

பசை டீச்சர் இரண்டு பை நிறையக் கொண்டுவந்தார். "எனக்கு ஒரு வாய்தானேக்கா. எத்தனை கப்புல குடிக்கிறது?" பை அடியில் ஒரு சுவர்க் கடிகாரம். கடைவாய்ப்பல் வடிவம். வேர் இரண்டும் கீழே தொங்குகின்றன. பல் டாக்டர் வீட்டம்மா கொடுத்ததாம். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே வந்ததே பல்.

ஒரு பெட்டி பசை கொடுத்து எடுத்துக்கொண்டேன். கடிகாரத்தின் பின்னால் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணாடியைத் தேடச் சோம்பல். அதன்மேலேயே விலைச்சீட்டை ஒட்டிவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

திரும்பி வந்த சரக்கு டிசம்பர்வரை பரணில் தூங்க வேண்டும். இது கடைச் சட்டம். வீட்டுக்காரர் பல்லை எடுத்து முன் கண்ணாடியில் மாட்டிவிட்டார். "அழகா இருந்துச்சும்மா" என்கிறார். ரசனை.

பதினோரு மணிக்குப் பல் டாக்டர் வீட்டம்மா உள்ளே வந்தார்.

"இது எங்க கடிகாரம்."

"இப்ப எங்க கடிகாரம்மா." நாக்கு முந்திக்கொண்டது.

"தேடித் தேடி வாங்கிக் குடுத்தேன். அந்த டீச்சர் வித்துட்டாங்களா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேரே ரோட்டைக் கடந்து பள்ளிக்குள் போனார். நான் ஸ்டேப்ளர் பின் எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஜனவரி 12, திங்கள்

பசை டீச்சரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஒப்பந்த வேலை, இந்த மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். "பரிசை விக்கிறவங்களை நம்பி வகுப்பை எப்படி விடுறது?" என்றாராம் தலைமையாசிரியர். பேனா ஸ்டாண்டு அனுப்புகிற அதே வாய்.

"உங்க பேரைச் சொல்லலக்கா. பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேன், உங்க கடைக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். உங்க வியாபாரம் எதுக்குக் கெடணும்?"

சொல்லிவிட்டு இரண்டு புட்டி பசை வாங்கினார். காசும் கொடுத்தார்.

ஏன் சொல்லல? யார் கேட்டா இவங்களை? நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்துட்டு இருக்கேன் — நல்லவங்களோட இதுதான் தொல்லை. சும்மா இருக்கிறவங்களையும் இழுத்து விட்டுடறாங்க.

ஜனவரி 13, செவ்வாய்

வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போய்ச் சொல்லிடும்மா."

"சொன்னா? கடையில இருக்கிற ஒவ்வொரு கப்பையும் எடுத்து மோந்து பார்ப்பாங்க."

"பார்க்கட்டுமே. நான் நல்லாத்தான் துடைக்கிறேன்."

இந்த ஆளிடம் பேசுவது சுவரிடம் பேசுவது. பேருந்து நிலையத்தில் தரையில் துணி விரித்துப் பேனா விற்று ஆரம்பித்தவள் நான். கடைக்கு ஒரு பெயர் வர எத்தனை பேர் காலை நக்காத குறையாக நின்றிருக்கிறேன் என்று இவருக்குத் தெரியாதா? ஆனால் அந்த டீச்சர் போனால் வாராவாரம் பசை வாங்க ஆள் இல்லை. அதற்காகத்தான் யோசிக்கிறேன். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 14, புதன்

கடிகாரத்தைக் கழற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு விலைச்சீட்டை உரித்தேன். அடியில் ஒரு பற்பசைக் கம்பெனி பெயர். 'மருத்துவர்களுக்கு அன்பளிப்பு. விற்பனைக்கு அல்ல.'

தேடித் தேடி வாங்கினாராம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. சிரித்ததில் விலாவில் பிடித்துக்கொண்டது.

ஜனவரி 16, வெள்ளி

வீட்டுக்காரரை விட்டு நல்ல ரிப்பனாகக் கட்டச் சொல்லி, பல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காத்திருக்கும் இடத்தில் இதே கடிகாரத்தின் கூடப்பிறந்தது ஒன்று சுவரில். டாக்டர் வீட்டம்மாதான் சீட்டுக் கொடுக்கிறார். என் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"எந்தப் பல்லு?" என்றார், நிமிராமல்.

"இந்தப் பல்லுதாம்மா." மேசைமேல் வைத்தேன்.

பிரித்தார். திருப்பினார். உள்ளே யாருக்கோ துளை போடும் சத்தம்.

"இதைத் தலைமையாசிரியர்கிட்ட காட்டப் போறீங்களா?"

"எதுக்கு? நீங்க சும்மா வந்ததைக் குடுத்தீங்க. நான் விக்கக் கூடாததை விக்க வச்சேன். நடுவுல அந்தப் பொண்ணு ஒருத்திதான் உருப்படியா ஒண்ணு பண்ணுச்சு. உங்க பையனுக்குப் பசை வாங்குச்சு."

"என் பையனுக்கு நாங்களே பசை வாங்கிக் குடுத்துதான் அனுப்பறோம்."

"உங்க பையன் அதைத் தின்னுடறான்மா."

வரிசையில் இருந்த ஒருவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார்: "புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன். ஆனா அந்தப் பழைய சாமான்காரர் யாருன்னு நீங்களும் வந்து சொல்லணும். நான் மட்டும் அவமானப்பட முடியாது."

வியாபாரம் தெரிந்த பெண். கடை வைத்திருந்தால் என்னை முழுங்கியிருப்பார்.

ஜனவரி 19, திங்கள்

தலைமையாசிரியர் அறை. "அந்தப் பழைய சாமான்காரி நான்தான் சார்" என்றேன். "எல்லா டீச்சரும் வர்றாங்க. பசைக்கும் பேப்பருக்கும் மாத்திக்கறாங்க. நீங்க வாங்கிக் குடுத்தா ஏன் வரப்போறாங்க?"

"இதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா."

"உங்க ஆளுக்கு வழி நல்லாத் தெரியும் சார்." மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு சொன்னேன். அதற்குமேல் விசாரணை நடக்கவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

பசை டீச்சருக்குக் கையெழுத்து ஆகிவிட்டது. தெரு முழுக்க என் கதையும் பரவிவிட்டது. இன்று ஒருத்தர் நிஜமாகவே கோப்பையை மோந்து பார்த்துவிட்டு வைத்தார். வீட்டுக்காரர் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

டிசம்பர் 16, புதன்

கோப்பை ஒன்றுகூட நகரவில்லை. ஜனவரியில் கட்டிய ரிப்பன் அப்படியே இருக்கிறது. ஆனால் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வருகிறார்கள். "டீச்சருக்கு உண்மையிலேயே என்ன வேணும்? உங்களுக்குத்தான் தெரியும்." எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பசை, சார்ட் பேப்பர், மூக்குத் துடைக்கும் பேப்பர் என்று பெட்டி போட்டுக் கொடுக்கிறேன். லாபம் பாதி. திரும்பி வராத சரக்கு.

பல் டாக்டர் வீட்டம்மா வந்தார். "திங்க முடியாத பசை இருக்கா?"

"இருக்கு. ரிப்பனுக்குத் தனி."

"ரிப்பன் சும்மா வந்ததுன்னு நினைச்சேன்."

கொடுத்துத்தான் போனார்.

ஜனவரி 4, திங்கள்

பள்ளி திறந்தது. பழக்க தோஷம், பின்வாசலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு பூனைதான் வந்தது.

நாலு மணிக்குப் பசை டீச்சர் முன்வாசல் வழியாக வந்தார். கையில் பை இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் விற்காத கோப்பை ஒன்றில் டீ கொண்டுவந்து வைத்தார்.

டீச்சர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னுதுதானேக்கா?"

"ரெண்டு தடவை உங்களுது. கழுவியாச்சு, குடிங்க."

செருப்புக் கடிப்பதைப் பற்றியும், பையன்களுக்குப் பல் விழுவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். வகுப்பு அலமாரியில் கையளவு இடம்கூட இல்லையாம், பரிசாக வந்த பசையை வைக்க. போகும்போது ஒன்றும் வாங்கவில்லை. அவர் என் கடைக்கு வந்து ஒன்றும் வாங்காமல் போவது இதுதான் முதல் தடவை. டீயும் என் செலவு.

இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.