அறுபத்தொன்று தசம் மூன்று

டிசம்பர் 8, திங்கள்

புயலுக்குப் பிறகு இன்றுதான் எங்கள் காணி உதவி நிலையம் ஒழுங்காகத் திறந்தது. துறைமுகப் பக்கம் முழுக்கவே நாற்றம்; எங்கள் அலுவலகம் ஒரு படி மேல். கம்பளத்தைத் தூக்கினால் கறுப்புத் தண்ணீர், அதில் செத்த பல்லி. சனத்தின் காணிப் பத்திரப் படங்களைச் சேமிக்கும் சேர்வர் என் பொறுப்பு; அது இருக்கும் அறை முந்தி ஒரு குளியலறை. அதற்குள் நின்று மூச்சுவிடவே அருவருப்பாக இருக்கிறது.

தோப்பூரிலிருந்து சுபைதா உம்மா வந்தார். வெள்ளத்தில் ஊறிய வயல் அனுமதிப்பத்திரம், சொப்பிங் பைக்குள். அரச பிரதி சண்டைக்காலத்திலேயே இல்லாமல் போய்விட்டது. வயலை இன்னொருவன் வேலி போட்டுப் பிடித்திருக்கிறான். பதினெட்டாம் திகதி வழக்கு. ஸ்கேன் எடுக்கும் பஸ்மியா படம் எடுத்துவிட்டுத் தாளைத் தூக்க, அது கண்ணாடியில் ஒட்டிக் கந்தல் கந்தலாக வந்தது. மனிசி பதறிப்போனார். படம் பத்திரமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

எங்கள் சேர்வரில் இரண்டு டிஸ்க். இரண்டிலும் எப்போதும் ஒன்றையே எழுதும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். இன்று போய்ப் பார்த்தால் ஒன்றைக் காணவில்லை. எலி தூக்கிப் போகிற சாமானா?

தூக்கியவர் பணிப்பாளர் சிவகுருநாதன் சேர். புயல் அறிவித்தல் வந்ததும் ஒன்றை இழுத்தெடுத்து வீட்டு அலுமாரியில் வைத்தாராம். ஓட வேண்டி வந்தால் முதலில் காணி உறுதிப் பையைத் தூக்குவது இந்த ஊர்ச் சனத்துக்குக் கைப்பழக்கம். அவரும் ஐந்து தரம் இடம்பெயர்ந்த மனிதர், சரி. ஆனால் பன்னிரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லையே.

"ரெண்டிலயும் ஒண்டுதானே பிள்ளை இருக்கு" என்று சிரிக்கிறார். பல்லிடுக்கில் வடைத் துண்டு.

கொழும்புக்குப் பிரதி அனுப்பும் இணைப்பும் புயலோடு போனது. ஆக, எல்லாமே இப்போது ஒற்றை டிஸ்க்கில்.

டிசம்பர் 10

கொண்டுவர மறந்துவிட்டாராம். மறந்துவிட்டாராம்!

டிசம்பர் 11, வியாழன்

கொண்டுவந்தார். பழைய பெனியனில் சுற்றி, பூச்சி உருண்டை நாற்றத்தோடு.

நான் அதைச் செருகப் போக, பஸ்மியா வந்து நின்றாள். "மிஸ், இதைத் தொடங்க முந்தி புது ஸ்கேன் எல்லாத்தையும் ஒரு பென் டிரைவில எடுத்து வைப்பமா?"

எனக்கு ஏற்கெனவே கொதி. ஆளாளுக்கு எனக்கு வேலை பழக்க வெளிக்கிட்டால்? என்னுடைய வேலையை நான் பார்க்கிறேன், நீங்கள் ஸ்கேனைப் பாருங்கள் என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னேன். ஸ்கேனரடிக்குத் திரும்பிப் போனாள்.

டிஸ்க்கைச் செருகிக் கட்டளையை அடித்தேன். இங்கேயே இருந்த டிஸ்க்கை வாசித்து, திரும்பி வந்ததில் முதலிலிருந்து எழுதத் தொடங்கியது. 0.4 வீதம்.

டிசம்பர் 12, வெள்ளி

கறுப்புத் திரை. எவ்வளவு முடிந்தது என்று காட்டும் ஒரே கட்டளை, ஒரே வரி, எண் மட்டும் மாறுகிறது. 22.8. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன், 24.1. சேர் மணிக்கொருதரம் எட்டிப் பார்க்கிறார். அடிக்கடி அடித்தால் கெதியாய் முடியுமோ என்று கேட்டார். பதில் சொன்னால் கெட்ட வார்த்தைதான் வரும்.

பின்னேரம் 58.9. வேகம் விழுந்துகொண்டே போகிறது. ஏன்? இரண்டும் ஆறு வருடத்துக்கு முந்தி ஒரே நாளில் வாங்கியவை. ஒன்றின் தலைமுதல் கால்வரை ஒரே மூச்சில் வாசிக்கச் சொன்னால் —

இல்லை. நாளைக்கு முடிந்துவிடும்.

டிசம்பர் 13, சனி

61.3

61.3

61.3. உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம். பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

டிசம்பர் 15, திங்கள்

செத்தது, இங்கேயே இருந்த டிஸ்க். கொழும்பில் திருத்துபவர் போனிலேயே கையை விரித்துவிட்டார்.

அலுமாரிக்குப் போய் வந்ததைக் கிண்டிக் கிளறியதில் பழையவை எல்லாம் கிடைத்தன. புயலுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்த பத்தொன்பது பேருடையதும் இல்லை. சுபைதா உம்மாவுடையதும் இல்லை. அது எடுத்த நாளில் இந்த டிஸ்க் பெனியனுக்குள் கிடந்தது. புதியவை எல்லாம் மற்றதின் கடைசிப் பகுதியில்; 61.3 அதுவரை போகவில்லை.

கிழட்டு டிஸ்க் இப்படியான வேலையைத் தாங்காது, முதலில் பிரதி எடு என்று எத்தனை பேருக்கு நானே வகுப்பெடுத்திருப்பன்? ஒரு பென். பத்து நிமிசம். அந்தப் பிள்ளை கேட்டவள். கேட்டவள்.

டிசம்பர் 16, செவ்வாய்

சுபைதா உம்மா பிரதி எடுக்க வந்தார். சேர் கதிரை போட்டு இருத்தி, கரண்ட் வந்து வந்து போனதில் மெஷின் எரிந்துவிட்டது என்றார். கண் சிமிட்டாமல் சொன்னார். மனிசி என் பக்கம் திரும்பினா.

"அப்படியா மகள்?"

பஸ்மியா கதவடியில் நிண்டவள். நான் "ஓம்" எண்டன்.

"அல்லாஹ்ட நாட்டம். நீங்க என்ன செய்ற மகள்" என்று என்னுடைய கையைத் தடவிப்போட்டுப் போனா.

இவ்வளவு நாளும் அந்த மனுசனைப் பார்க்கவே அருவருத்தனான். அவர் சொன்னதை அவ நம்பேல்ல. நான் சொன்னதைத்தான் நம்பினவ. த்தூ.

டிசம்பர் 18, வியாழன்

புதிய டிஸ்க் இரண்டும் நேற்று வந்தன. பழைய படங்களை இரண்டிலும் காலையில் எழுதி முடிந்துவிட்டது.

பஸ்மியா இன்று லீவு. சுபைதா உம்மாவோடு வழக்குக்குப் போயிருக்கிறாள் — பத்திரத்தைத் தன் கண்ணால் கண்டதையும், அது எப்படி இல்லாமல் போனது என்பதையும் சொல்ல. பஸ் ஏற முந்தி அலுவலகத்துக்கு வந்து, "நீங்களும் வாறீங்களா மிஸ்?" என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்றேன்.

அதே கட்டளையை அடித்துப் பார்த்தேன். நூறு வீதம். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பவும் அடித்தேன். நூறு.