பன்னிரண்டு அங்குலப் பனி

பிப்ரவரி 3

எங்கள் வங்கிக்கும் சர்வதேசக் கணக்கியல் தரம் வந்துவிட்டது. கடன் மூழ்கிய பிறகு நஷ்டம் எழுதியது போதும், முன்கூட்டியே கணித்து எழுது என்கிறது. நல்ல விதிதான். தலைமைக் கணக்காளன் என்று உட்கார்ந்துகொண்டு நானும் இதைத்தானே தொண்டை கிழியக் கத்தினேன்! ஆனால் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறாரே ஓர் ஆலோசகர், இந்த வேக்காட்டில் கோட்டு போட்ட மகான் — அவருடைய கணிப்பு ஷீட்டில் ஒரு கட்டம்: வருடாந்திரப் பனிப்பொழிவு. ஏதோ குளிர்நாட்டு வங்கிக்குச் செய்ததை அப்படியே எங்கள் தலையில் கட்டிவிட்டார். கேட்டால், "அது டீஃபால்ட் சார், ஷீட்டோடயே வர்றது, தொடாதீங்க!"

பிப்ரவரி 5

பனிக்குப் பூஜ்யம் போட்டேன். ஷீட் முழுக்க எரர். மேனேஜர் எட்டிப் பார்த்து, "ஏதாவது ஒரு நம்பரத் தட்டுய்யா, உயிர வாங்காத" என்றார். ஆலோசகக் கோட்டு பன்னிரண்டு அங்குலம் என்று தட்டியது. எரர் போய்விட்டது. படித்த கூட்டம்!

பிப்ரவரி 20

பனி பெய்தால் சுற்றுலா களைகட்டும் என்று ஷீட்டுக்கு நினைப்பு. ஆகவே வங்கித் தலைவரின் சம்பந்தி நடத்தி, இழுத்து மூடிய ஹோட்டல் இருக்கிறதே, வௌவால் மட்டும் தங்குகிற ஹோட்டல், அதற்கு நாங்கள் கொடுத்த கடனில் நஷ்டமே வராதாம். வங்கிக்கு அமோக லாபம். நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "இல்லேன்னா மூட்டையக் கட்டு" என்கிறார் மேனேஜர்.

பிப்ரவரி 21

வீட்டில் புலம்பினேன். "உங்க வீரமெல்லாம் அந்த டைரிகிட்டதானே" என்றாள் மனைவி. அவளுக்கு என்ன தெரியும்? — தெரியும். அதான் பத்திக்கிட்டு வருது.

மார்ச் 2

கையெழுத்துப் போட்டேன். ஆனால் எந்த அனுமானத்தை வைத்துக் கணித்தோம் என்பதையும் அறிக்கையில் சொல்லியாக வேண்டும் என்பது அதே விதி. சொன்னேன், அடிக்குறிப்பில்: "ஹோட்டல் கடனில் நஷ்டம் இல்லை என்பதற்கு ஆதாரம், இவ்வூரில் ஆண்டுதோறும் பெய்யும் பன்னிரண்டு அங்குலப் பனி." தலைவர், மேனேஜர், கோட்டு, மூவரும் ஒப்பமிட்டார்கள். ஒருத்தனாவது படிச்சிருக்கணுமே!

மார்ச் 30

அறிக்கை வெளிவந்தது. பத்திரிகைக்காரன் ஒருவன் மட்டும் படித்துவிட்டான். ஊரே சிரிக்கிறது.

ஏப்ரல் 12

ஹோட்டல் கடனை நஷ்டமாக எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவு. லாபம் காலி. தலைவருக்கு "உடல்நலக் குறைவு", விலகிவிட்டார். கணக்கைத் திருத்த மறுபடி அதே கோட்டைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், இரட்டைக் கூலிக்கு. தூ!

எனக்கு மலைமேல் இருக்கும் கிளைக்கு மாற்றல். மனைவி பாட்டுப் பாடிக்கொண்டே பெட்டி அடுக்குகிறாள். இந்த டைரியைக் கேட்டு வாங்கி அடியில் வைக்கப் போகிறாளாம்.

"ஸ்வெட்டர் எத்தனை எடுத்து வெக்க?" என்று உள்ளிருந்து கத்துகிறாள். "அங்க எத்தனை அங்குலம்னு நீங்கதானே சொல்லணும்!"