டிஷ்யூவுக்கு அடியில்

மார்ச் 6, செவ்வாய்

நூலகத்துச் சிறுகதை வட்டத்தின் மாத விருந்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்ற பட்டியல் சுற்றி வந்தது. நான் வழக்கம்போல் உருளைக்கிழங்கு சாலட். எர்னஸ்டீன் வழக்கம்போல் டிஷ்யூ பேப்பர், ஒன்பது வருடமாக அதேதான். பள்ளிக்கூடத்தையே நடத்திய பெண்மணிக்கு அடுப்புப் பக்கம் உடம்பு வணங்காது போலும்.

மார்ச் 9

கதை முடிந்தது! தலைப்பு ‘மேபல்’. எங்கள் ஜார்ஜியா மாநிலத்தின் பழைய நிறவெறி அழுக்கையெல்லாம் ஒரே வெள்ளைக்காரக் கிழவியின் தலையில் கட்டிவிட்டேன். சர்ச் விருந்தில் ஒரு கறுப்பினப் பெண் கொண்டுவந்த பீச் பழ இனிப்பைச் சிரித்தபடி வாங்குவாள் மேபல். ஒரு வாய்கூட வைக்காமல் டிஷ்யூவுக்கு அடியில் மறைத்துக் குப்பையில் போடுவாள். கடைசியில் அந்தப் பெண் அவளை மன்னித்துக் கட்டிக்கொள்வாள். எழுதும்போதே அழுதேன்.

மேபல் வேறு யாருமில்லை, என் நாத்தனார் டார்லீன்தான். அப்படியே உரித்து வைத்திருக்கிறேன். எனக்கே என்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

மார்ச் 13

டார்லீன் படித்துவிட்டாள். கதையை மேசைமேல் வைத்துவிட்டுக் காபி போடப் போன என் புத்தியை என்ன சொல்ல! ஆனால் அவளுக்குக் கோபமே வரவில்லை.

“யாருடி இந்த மேபல்? படிக்கப் படிக்க உன் ஞாபகமாவே இருக்கு.”

பாவம், தன் முகமே அவளுக்குத் தெரியவில்லை.

மார்ச் 20

வட்டத்தில் வாசித்தேன். கைதட்டல் (எட்டுப் பேர்தான், இருந்தாலும்). ஒருவர் கண்ணைத் துடைத்தார். அவருக்கு மகரந்த ஒவ்வாமை உண்டு. அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

வெளியே காருக்குப் பக்கத்தில் எர்னஸ்டீன் வந்தார். “துணிச்சல்தான், மிஸ் வில்மா. தன்னைப் பத்தியே இப்படி எழுத எல்லாராலயும் முடியாது.”

“நானா? அது டார்லீன்!”

“ஒன்பது வருஷம் முன்ன, உங்க சர்ச்சும் எங்க கறுப்பர் சர்ச்சும் சேர்ந்து போட்ட விருந்து. நீங்க நீலப் பூப்போட்ட சட்டை. நான் செஞ்ச இனிப்பு. பிரமாதம்னு சொல்லிட்டு நேரா குப்பைத்தொட்டிக்குப் போனீங்க. டார்லீன் அன்னைக்கு வரவே இல்ல.” குரலை உயர்த்தவேயில்லை. “அதுக்கப்புறம் நான் எங்கயும் சமைச்சு எடுத்துட்டுப் போறதில்ல. டிஷ்யூவைத் தூக்கிப் போட்டா யாருக்கும் வலிக்காது பாருங்க.”

மார்ச் 21

இல்லவே இல்லை.

மார்ச் 22

நீலப் பூப்போட்ட சட்டை அலமாரியில்தான் இருக்கிறது. டார்லீன் அந்த வாரம் இடுப்பு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் — பூங்கொத்து கொண்டுபோனதே நான்தான்.

ஐயோ. ஏன் திங்கல? என்ன பயம் எனக்கு? ஒண்ணுமில்ல. கறுப்பர் வீட்டுச் சமையலை அம்மா தொடமாட்டா, அதனால நானும் தொடல. அறுபத்திரண்டு வயசுல செஞ்சதுக்கு அம்மா மேல பழி போடறேன் பாரு. வெட்கமா இருக்கு.

ஏப்ரல் 3

கிழவியின் பெயர் இப்போது வில்மா. அந்த ஒரு பெயரை மாற்ற நாலு நாள் பிடித்தது. மறுபடி வாசித்தேன். கைதட்டல் இல்லை. எர்னஸ்டீனிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்துவிட்டுக் கதைக்கு வந்தார்.

“பேரு சரியாயிடுச்சு. ஆனா இனிப்பு கொண்டுவந்த அம்மா கடைசியில எதுக்குக் கட்டிப்பிடிக்கறாங்க? நான் கட்டிப்பிடிக்கலையே.”

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கதையிலேயே அழகான பக்கம் அது.

ஏப்ரல் 10

அடுத்த விருந்துக்குப் பட்டியல் வந்தது. டிஷ்யூ பேப்பருக்கு நேரே முந்திக்கொண்டு என் பெயரை எழுதினேன். எர்னஸ்டீன் வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் தன் பெயருக்கு நேரே என்னவோ எழுதினார். அவர் போகும்வரை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காகிதத் தட்டு.

டிஷ்யூவிலிருந்து தட்டுக்கு வரவே ஒன்பது வருடம். பீச் பழ இனிப்பு வரை போக இன்னும் எத்தனையோ. எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. நாளையிலிருந்து ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போட வேண்டும்.