துக்கம் விசாரிக்க வந்தவர்

அண்ணே,

இன்று காலை பசுந்தாங்கில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் பட்டறை மேஸ்திரியின் மாமனார் தவறிவிட்டார். நல்ல மழை. வாசலில் சாய்த்து வைத்திருந்த ஈரக் குடைகளின் வாடையும் உள்ளேயிருந்து வந்த சாம்பிராணிப் புகையும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறியதும் நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். மேஸ்திரியின் கையைத் தொட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்திருந்தேன். பிறகு எல்லோரும் செய்வதுபோல் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்தேன். அப்போதுதான் வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தெருவுக்கு வந்து, ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்திருந்தால் தேவலை. வரவில்லை.

சாவு வீட்டில் "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. நம் ஆட்களில் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒரு வழக்கத்தை வைத்து நீங்கள் ஒரு காட்சி எழுதினீர்கள். அது உங்கள் எழுத்தால் நின்றதா, உங்கள் மூஞ்சியால் நின்றதா என்ற கேள்வி கடைசி வரை உங்களை விடவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு எதையும் உருக்கமாக எழுத எனக்கு வராது.

ரங்கூனில் நான் நம் நாடகக் கம்பெனிக்கு வந்தபோது நீங்கள் நாடகத்துக்குள்ளேயே இல்லை. திரைக்கு முன்னால் இருந்தீர்கள். உள்ளே அரண்மனைத் திரையைச் சுருட்டிவிட்டுக் காட்டை இறக்குவார்கள். காடு இறங்குகிற வரைக்கும் சனங்கள் எழுந்து போய்விடாமல் பிடித்து வைப்பது உங்கள் வேலை. நோட்டீசில் பெயருக்கு முன்னால் 'பபூன்' என்று போடுவார்கள். காட்சி மாற்ற எவ்வளவு நேரமோ, அவ்வளவுதான் உங்கள் எழுத்தின் நீளம். மழைக்காலத்தில் கயிறு ஊறிப் பருத்துக் கப்பியில் சிக்கும். ஆட்கள் இழுத்து இழுத்துத் திட்டுவார்கள். அதனால் உங்களிடம் மழைக்கு ஒரு விகடம், வெயிலுக்கு ஒரு விகடம் என்று தனித்தனியாக இருந்தன. மாமியார் அதே மாமியார், மருமகன் அதே மருமகன். மழைக்காலத்தில் மாமியாருக்குக் கூடுதலாக ஒரு வியாதி வரும்.

நான் ஆற்றுக்கு அக்கரையில் கப்பல் பட்டறையில் பிட்டர். முதலாளி என்னைக் கூப்பிட்டது விளக்குகளைச் சரி செய்ய. மேலே ஏறிப் பார்த்தபோது எனக்கு விளக்கு மறந்துவிட்டது. அந்தக் கப்பிகளைப் பார்த்தால் தொழில் தெரிந்தவன் எவனும் சும்மா இறங்கி வரமாட்டான். எல்லாவற்றையும் கழற்றி மாற்றினேன். ஒவ்வொரு திரைக்கும் எதிர்ப்பாரமாக மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டேன். ஒரு கூட்டமே இழுத்த திரையை ஒரே ஆள் ஒரு கையால் இழுக்கும்படி ஆனது. அரண்மனை போய்க் காடு வருவதற்கு ஒரு தும்மல் நேரம் போதும்.

வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது பபேடானில் ஒரு டீக்கடைக்கு என்னை அழைத்துப் போனீர்கள்.

"தம்பி, உன் கப்பி வேலை முடிஞ்சா என் பொழப்பும் முடிஞ்சுது. தெரியுமில்ல?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சுதான் செய்யிறியா?"

"திரை சீக்கிரம் இறங்கணும். அதுதான் வேலை. உங்களுக்காகக் கொஞ்சம் மெதுவா இறங்குன்னு அதுக்கிட்ட சொல்ல முடியுமா?"

டீயை ஊதினீர்கள். "சொல்லிப் பாரேன். இந்தக் கம்பெனியில நீ சொன்னாக் கேக்குறது கயிறு ஒண்ணுதான்."

அதற்காக நான் அன்றும் வருத்தப்படவில்லை, இன்றும் வருத்தப்படவில்லை. கோளாறான கப்பியின் தயவில் நிற்கிற வேலை ஒரு வேலையா? நீங்களே அப்படித்தான் சொன்னீர்கள். சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெருவில் பயாஸ்கோப் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். சீமையிலிருந்து வந்த விகடப் படம். கதாநாயகன் கீழே விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். கொட்டகை அதிர்ந்தது. நீங்கள் அவனைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் ஒரு போலீஸ்காரன் ரொட்டி தின்றுகொண்டு நின்றான். அவனைக் காட்டி என் விலாவில் இடித்தீர்கள்.

"இந்தப் படத்துக்கு விகடம் எழுதினது அவன்தானாம், மேனேஜர் சொன்னாரு. எல்லாத்தையும் எழுதிட்டு ஓரமாப் போயி நின்னுக்கிட்டு ரொட்டி திங்கிறான் பாரு. அந்த எடம் போதும்டா எனக்கு."

அந்தப் படம் ஊரை விட்டுப் போகிற வரைக்கும் நீங்கள் போய்க்கொண்டே இருந்தீர்கள்.

கப்பி வேலை முடிந்ததும் நீங்கள் எதிர்பார்த்ததே நடந்தது. இனி வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கலாம் என்றார் முதலாளி. நாடகத்துக்குள்ளே ஒரு சின்ன வேஷம் கொடுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டீர்கள். கண்ணாடிக்கு முன்னால் முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்த ராஜபார்ட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உமக்கு எதுக்குய்யா எழுத்து? சனங்க சிரிக்கிறது உம்ம மூஞ்சிக்கு. அதை யாரும் எழுதல, ஆண்டவன் எழுதினான்."

அறை முழுவதும் சிரித்தது. உண்மையைச் சொன்னால் நானும் அதை நம்பினேன். அப்படி ஒரு முகம் உங்களுக்கு. ஒரு புருவம் மேலே, ஒரு புருவம் கீழே. காது இரண்டும் புறப்படத் தயாராக நிற்கும். நீங்கள் சும்மா வந்து நின்றாலே முன்வரிசை சிரிக்கத் தொடங்கிவிடும். யார் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்கிற நீங்கள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பசுந்தாங் ஓடைக்கரையோரம் நடந்து வரும்போதுதான் கேட்டீர்கள்.

"அவன் சொன்னது நெசமா இருக்குமோ?"

"சோதிச்சுப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போவுது. இன்ஜின்ல ஒரு பாகத்தைக் கழட்டிட்டு வேற மாட்டி ஓட்டிப் பாக்குற மாதிரிதான். அதே வசனத்தை வேற ஆளு பேசட்டும்."

"அப்ப நான் எங்கடா போறது?"

சீக்கிரம் நடங்கள், மழை வருகிறது என்றேன்.

முதலாளிக்கு இரக்கமா, டிக்கெட் கிழிக்க வேறு ஆள் கிடைத்துவிட்டானா தெரியாது, புது நாடகத்தில் ஒரு காட்சி கொடுத்தார். ரங்கூனுக்குப் போன புருஷன் இறந்துவிட்டதாக ஊருக்குத் தவறாகத் தந்தி வந்துவிடுகிறது. வீட்டில் அழுகிறார்கள். கடைசியில் புருஷன், அதாவது ராஜபார்ட், பெட்டியோடு வந்து நிற்கிறார். அந்த அழுகைக்கு நடுவே உங்கள் ஆள் துக்கம் விசாரிக்க வருகிறான். அடுத்த வீட்டுக்காரன், பாவப்பட்டவன். ஒழுங்காக உட்காருகிறான், ஒழுங்காகப் பெருமூச்சு விடுகிறான். எழும்போது பழக்க தோஷத்தில் "அப்ப நான் போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிடுகிறான். சொன்னது உறைத்ததும் திரும்பி வருகிறான். "இல்லம்மா, வரல. நான் வரவே மாட்டேன்." அதுவும் தப்பென்று படுகிறது. "வருவேன். இதுக்கு வரமாட்டேன், வேற நல்லதுக்கு வருவேன்." அதையும் விளக்குவதற்காக மறுபடி உட்காருகிறான். உட்கார்ந்தவன் எழ வேண்டும். எழுந்தால் வாய் தானாகத் திறக்கும். அந்த மனிதனால் அந்த வீட்டை விட்டு வெளியேறவே முடியவில்லை.

முதல் நாள் விதவை வேஷம் கட்டியிருந்த ஸ்திரீபார்ட்டுக்காரன் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினான். அவன் அழுகிறான் என்று நினைத்துப் பெண்கள் பக்கம் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் மிகத் துக்கமாக இருந்தீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு ஓய்வில்லை. கப்பல் டாக்டர், செட்டியார் வீட்டுச் சமையல்காரர், ஜோசியர், ஒரு நாடகத்தில் போலீஸ்காரர்கூட. எல்லாம் ஓரத்தில் நிற்கிற வேஷம், எல்லாம் நீங்களே எழுதியது. நோட்டீசிலிருந்து 'பபூன்' போய்விட்டது. ஆனால் சனங்கள் சிரித்து ஓய்ந்து நீங்கள் உள்ளே வரும்போதெல்லாம் ராஜபார்ட்டுக்காரர் தன் கன்னத்தை விரலால் தட்டிக் காட்டுவார். மூஞ்சி என்று அர்த்தம். நீங்களும் சிரித்துவிட்டுப் போவீர்கள். அது உங்களுக்கு வலித்தது. எனக்குத் தெரியும்.

இருமல் வந்தது. முகம் துடைத்த துணியில் சாயம் என்று நாங்கள் நினைத்தது சாயமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது எலும்பும் தோலுமாகக் கிடந்தீர்கள். நலம் விசாரிக்க விடவில்லை. நேரே வேலைக்கு வந்துவிட்டீர்கள்.

"துக்கம் விசாரிக்கிறவனை வெட்டிப்புடாதீங்க."

"வெட்ட மாட்டோம். நீங்க வந்து செய்யுங்க."

"கோ தெய்ன் செய்யட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோ தெய்ன் நம் மிருதங்கக்காரர். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்த தஞ்சாவூர்க்காரர், அம்மா பர்மாக்காரம்மா. கல்லில் செய்த மாதிரி ஒரு முகம்.

"அண்ணே, அவர் மூஞ்சியைப் பாத்தா யாருக்கும் சிரிப்பு வராதே."

"அதுக்குத்தாண்டா."

அப்போதுதான் புரிந்தது. வேறு பாகத்தை மாட்டி ஓட்டிப் பார்க்க நீங்களே ஏற்பாடு செய்துவிட்டீர்கள்.

உங்கள் சாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே வசனத்தைப் பேசினார்கள். ஊரைச் சிரிக்க வைத்தவர் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தார் என்று. சுத்தப் பொய். உள்ளுக்குள் நீங்கள் எப்போதும் அடுத்த வசனத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தீர்கள். பிணத்துக்குப் பக்கத்தில் சண்டை போடக் கூடாது என்று சும்மா இருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்த நாடகத்தை மறுபடி போட்டோம். முதலாளி அந்தக் காட்சியை எடுத்துவிட்டு உங்கள் படத்தை மாலையோடு மேடையில் வைக்கலாம் என்றார்.

"செத்தவர் எழுதின சாவு வீட்டு விகடம். பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"அவர் வெட்டக் கூடாதுன்னார்."

"ஈவு இரக்கம் இல்லாத பயலா இருக்கியே."

"இருக்கட்டும். காட்சியை எடுத்தீங்கன்னா திரையை நீங்களே இழுத்துக்குங்க."

பட்டறை முடிந்து வந்து திரை இழுப்பவன் நான்தான்; என் மூட்டைகளும் கயிறுகளும் வேறு யாருக்கும் புரியாது. காட்சி தப்பியது. கோ தெய்ன்தான் வேர்த்து விறுவிறுத்துப் போய் என்னிடம் வந்தார். உங்களை அவர் அண்ணன் என்பதற்குப் பர்மிய வழக்கப்படி 'அக்கோ' என்றுதானே கூப்பிடுவார்.

"தம்பி, தமிழ் வசனம் நம்ம வாயில நிக்காது. அக்கோ தெரிஞ்சுதான் சொன்னாரா?"

"தெரிஞ்சுதான் சொன்னார். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். எழுதினதை அப்படியே சொல்லிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமைப் பகலாட்டம். கோ தெய்ன் உள்ளே போனார். கூட்டம் உங்களைத் தேடியது. நீங்கள் இல்லை என்று நினைவு வந்து அடங்கியது. அவர் உட்கார்ந்தார், பெருமூச்சு விட்டார், எழுந்தார். ரயில் புறப்படும் நேரத்தை அறிவிக்கிறவர் மாதிரி, "அப்ப நான் போயிட்டு வரேம்மா" என்றார். ஒரு சத்தம் இல்லை. தொலைந்தது என்று நினைத்தேன். அவர் நடந்தார். நின்றார். அந்தக் கல் முகத்தோடு திரும்பி வந்தார். "இல்லம்மா, வரல."

பின்வரிசையில் யாரோ ஒரு பெண்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு துறைமுகத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம். பிறகு கொட்டகை முழுவதும். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை அண்ணே. புருவம் அசையவில்லை. நீங்கள் எழுதியது மட்டும்தான் அங்கே இருந்தது.

ராஜபார்ட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அவர் உள்ளே போக வேண்டிய கட்டம். சிரிப்பு அடங்காததால் போக முடியவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல், "எழுதியிருக்கான்யா மனுசன்" என்றார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போய், செத்துப் பிழைத்த புருஷனாக நின்றார்.

மறுநாளே தின்கன்ஜூனில் அண்ணியைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் முறத்திலிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதுக்கு அவ்வளவு பெரிய கொட்டகை வேணுமா தம்பி? அவரு எழுதினதை எனக்குத்தான் மொதல்ல படிப்பாரு. நான் அடுப்பைப் பாத்துக்கிட்டு மீனைப் பெரட்டிக்கிட்டு இருப்பேன். அவரு மூஞ்சிய நான் எங்க பாத்தேன்? சிரிச்சுச் சிரிச்சு எத்தனை நாள் கொழம்பு தீஞ்சிருக்கு."

"இதை நீங்க அவர்கிட்ட சொல்லவே இல்லையா அண்ணி?"

"அவரு கேக்கலையே."

முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். வெகு நேரம் வெளியே வரவில்லை.

ராஜபார்ட்டுக்காரர் சொன்னதும் அண்ணி சொன்னதும் என்னிடம் இருக்கின்றன. பட்டறையில் இரும்பு அறுக்கும்போதும் கேட்கின்றன. உங்களுக்குச் சேர வேண்டியவை. என்னிடம் இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒரு தடவை கேட்டிருக்கலாம், அண்ணே.